3டி மாடலில் பொருளை மேலே, கீழே நகர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, பெருமாள்புரம், பேட்டை பக்கம் வீட்டு பிளான் போடும் பிள்ளைகளும் பாலிடெக்னிக்கில் படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. 2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. தாமிரபரணி ஊருக்குள் வந்துபோனதிலிருந்து, வீடு கட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது பேஸ்மென்ட் உயரத்தை, அதாவது வெளியிலிருந்து வீட்டுத் தரை எவ்வளவு உயரம் என்பதைத்தான். பிளான் எல்லாம் முடிந்த பிறகு "இன்னும் ஒன்றரை அடி ஏத்திருங்க" என்பதும் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் ஸ்கெட்ச்அப், ஆட்டோகேட் என்ற இரண்டு சாஃப்ட்வேர்களை வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். மற்றவை தேவைப்படும் இடத்தில் வரும்.

மவுஸை மேல்நோக்கித்தானே இழுக்கிறேன், பொருள் ஏன் வேறெங்கோ போகிறது?

மானிட்டர் தட்டையானது. அதில் மவுஸுக்கு இருப்பது இரண்டு திசை, மாடலுக்கோ மூன்று. சாய்வான கோணத்தில் பார்க்கும்போது, திரையில் மேல்நோக்கி இழுத்தால் அது உயரே தூக்குவதாகவும் இருக்கலாம், அந்தப் பக்கமாகத் தள்ளுவதாகவும் இருக்கலாம். எது என்று சாஃப்ட்வேர் ஊகிக்கிறது, பாதி நேரம் தரையோடு தள்ளிவிடுகிறது. மட்டப்பாவில் வைத்ததாக நினைத்த தண்ணீர் டேங்க், மாடலைச் சுற்றிப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் புறவாசலுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும்.

அதனால் கண்ணை நம்பி இழுக்காதீர்கள். மூன்றாவது திசையை நீங்கள்தான் சொல்லவேண்டும். ஆக்சிஸை, அதாவது நகரும் திசையை, பூட்டலாம், எண்ணைத் தட்டலாம், அல்லது பொருளின் ஒரு மூலையைப் பிடித்து இன்னொரு பொருளின் மூலையில் ஒட்டலாம். உயரம் எவ்வளவு என்று தெரியும்போது எண் தட்டுவதுதான் என் கட்சி. இழுத்து வைத்த பொருள் 2 அடி 11 முக்கால் அங்குலத்தில் நிற்கும், அது பிறகு குறுக்குவெட்டுப் படமான செக்‌ஷன் போடும்போதுதான் தெரியும்.

ஸ்கெட்ச்அப்பில் நேர்மேலே ஏற்ற என்ன செய்யவேண்டும்?

பொருளை செலக்ட் செய்து, மூவ் டூலுக்கு எம் கீயை அழுத்துங்கள். ஒரு மூலையில் கிளிக் செய்துவிட்டு, மேல் அம்புக்குறி கீயை ஒருமுறை தட்டுங்கள். நகர்வுக் கோடு நீலமாகத் தடிக்கும். இனி மவுஸை எப்படி ஆட்டினாலும் பொருள் உயரத்துக்கான நீல ஆக்சிஸில் மட்டும்தான் ஏறும், இறங்கும். மவுஸைப் போகவேண்டிய பக்கமாகச் சற்று நகர்த்திவிட்டு 1'6" என்று தட்டி என்டர் கொடுங்கள்.

எண்ணைத் தட்டுவதற்கு எந்தப் பெட்டியிலும் போய் கிளிக் செய்யவேண்டாம். தட்ட ஆரம்பித்தாலே கீழ் ஓரத்து அளவுப் பெட்டியில் போய் விழும். அங்கே கிளிக் செய்துவிட்டு "எண் ஏறவில்லை" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். தப்பாகப் போய்விட்டால் அன்டூ செய்யக்கூட வேண்டாம், வேறு எதையும் தொடாமல் சரியான எண்ணை மறுபடி தட்டினால் போதும், திருத்திக்கொள்ளும்.

கீழ் அம்புக்குறி இறக்குவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்றவும் இறக்கவும் மேல் அம்புக்குறிதான். கீழ் அம்புக்குறி இணைகோடு, செங்குத்துக்கோடு பிடிப்பதற்கு.

ஆட்டோகேடில்?

மூவுக்கு எம் தட்டி என்டர், பொருளை செலக்ட் செய்து மறுபடி என்டர். பேஸ் பாயின்ட் கேட்கும்போது எதையும் கிளிக் செய்யாமல் 0,0,18 (எக்ஸ், ஒய் பூஜ்யம், உயரமான இசட் மட்டும் 18) என்று தட்டி என்டர். இரண்டாவது புள்ளியைக் கேட்கும். ஒன்றும் தட்டாமல் இன்னொரு என்டர். ஆர்க்கிடெக்சரல் யூனிட்டில் இருந்தால் பொருள் 18 அங்குலம் ஏறியிருக்கும். இறக்க 0,0,-18. பிளான் வியூவில் இருந்தபடியே செய்யலாம், திரையில் ஒரு அசைவும் தெரியாது. தெரியவில்லையே என்று இன்னொருமுறை செய்தால் மூன்று அடி ஏறிவிடும்!

மில்லிமீட்டரில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றரை அடி என்பது 457.2 மில்லிமீட்டர். பேச்சில் 450 என்போம். ஒரே டிராயிங்கில் சில பொருளை 450-ம் சிலதை 457-ம் ஏற்றினால் 7 மில்லிமீட்டர் இடுக்கு விழுந்து, யூனியன் கொடுத்து ஒன்றாக்கும்போது சாலிட் ஒட்டாது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்த்துச் செய்ய விரும்பினால் 3டிமூவ் கமாண்ட் இருக்கிறது. பொருளின்மேல் மூன்று நிற அம்புகள் வரும். இசட் அம்பைக் கிளிக் செய்து எண்ணைத் தட்டலாம். ஆக்சிஸ் திசைகளில் மட்டும் நகர்த்தும் ஆர்த்தோவை ஆன் செய்துவிட்டு 3டி வியூவில் சாதாரண மூவ் கொடுத்தாலும் கர்சர் பக்கத்தில் +இசட், -இசட் என்று காட்டி நேராக ஏற்றும்.

ஃப்ரன்ட் வியூவுக்குப் போய் 0,0,18 கொடுத்தேன். பொருள் என்னை நோக்கி வந்துவிட்டது!

வரும். ஆட்டோகேடில் டாப், ஃப்ரன்ட், லெஃப்ட் என்ற வியூக்களைத் தேர்ந்தெடுத்தால் வியூவோடு யூசிஎஸ்ஸும், அதாவது எக்ஸ், ஒய், இசட் திசைகளும், சேர்ந்து திரும்பும்படி அமைத்திருக்கிறார்கள். ஃப்ரன்ட் வியூவில் உயரம் ஒய் ஆகிவிடும், இசட் உங்கள் முகத்தை நோக்கி நிற்கும். யூசிஎஸ் என்டர், டபிள்யூ என்டர் கொடுத்தால் பழையபடி வேர்ல்டுக்கு, அதாவது உயரம் இசட் ஆக இருக்கும் அமைப்புக்கு, வந்துவிடும். தொல்லையே வேண்டாம் என்றால் யூசிஎஸ்ஆர்த்தோ என்ற வேரியபிளை 1-லிருந்து 0-க்கு மாற்றிவிடுங்கள், வியூ மட்டும் திரும்பும். எண்ணைத் தட்டுமுன் மூலையில் இருக்கும் யூசிஎஸ் அடையாளத்தில் இசட் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

வீட்டுக்காரர் முழு வீட்டையும் ஒன்றரை அடி ஏற்றச் சொல்கிறார். எல்லாவற்றையும் செலக்ட் செய்து ஏற்றினால் போதாதா?

போதாது. எல்லாவற்றையும் ஏற்றினால் தெருவும் வாறுகாலும் (சாக்கடையும்) சேர்ந்தல்லவா ஏறும்? பிறகு என்ன ஏற்றம்?

முதலில் எது ஏறும், எது ஏறாது என்று பிரியுங்கள். தரை, தெரு, வாறுகால், காம்பவுண்டுச் சுவர், கேட், செப்டிக் டேங்க், சம்ப், அஸ்திவாரத்தின் ஃபுட்டிங் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். பேஸ்மென்ட் தலையில் ஓடும் பிளின்த் பீமிலிருந்து மேலே உள்ள சுவர், ஜன்னல், லிண்டல், சன்ஷேடு, ரூஃப், உள் மாடிப்படி, கைப்பிடிச்சுவர் எல்லாம் ஏறும். ஸ்கெட்ச்அப்பில் இவற்றை இரண்டு குரூப்பாகவும் இரண்டு டேகாகவும், ஆட்டோகேடில் இரண்டு லேயராகவும் ஆரம்பத்திலேயே வைத்துவிட்டால் ஏற்றுகிற வேலை ஒரு நிமிடம்தான். வீட்டுக்காரர் மனம் மாறுவது உறுதி என்பதால் முதல் நாளே பிரித்து வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதுதான் ஆளைக் கவிழ்ப்பது: ஏறவும் செய்யாது, நிற்கவும் செய்யாது, நீளும். காலம் என்று நாம் சொல்லும் கான்கிரீட் தூண் அதில் ஒன்று. அடி ஃபுட்டிங்கில் நிற்கிறது, தலை ரூஃபோடு ஏறுகிறது. காலத்தை அப்படியே தூக்கினால் ஃபுட்டிங்குக்கும் காலத்துக்கும் நடுவே ஒன்றரை அடி வெற்றிடம் வரும். ஸ்கெட்ச்அப்பில் காலத்தின் மேல்முகத்தை மட்டும் புஷ்-புல்லால் 1'6" இழுங்கள். ஆட்டோகேடில் சாலிட் என்றால் பிரஸ்புல். பேஸ்மென்ட் சுவரும் அப்படியே. வெளியே இறங்கும் கழிவுக் குழாயும் அப்படியே.

அடுத்து வாசற்படி. பழைய பேஸ்மென்ட் ஒன்றரை அடி என்றால் 6 அங்குல ஏற்றத்தில் மூன்று ஏற்றம், நடுவே இரண்டு மிதி. மிதி 10 அங்குலம் என்றால் வாசலில் 20 அங்குலம் போதும். பேஸ்மென்ட் மூன்று அடி ஆகும்போது ஆறு ஏற்றம், ஐந்து மிதி, 50 அங்குலம். இரண்டரை அடி கூடுதலாக வேண்டும். அந்த இடம் கேட்டுக்கு முன்னால் இருக்கிறதா என்று மாடலிலேயே பாருங்கள். வீட்டில் சக்கரநாற்காலியில் ஒருவர் இருந்தால் 12-க்கு 1 என்ற சரிவில் மூன்று அடிக்கு 36 அடி நீளச் சாய்தளம் வரும். இரண்டரை சென்ட் மனையில் அது நேராக நீளாது, மடக்கித்தான் போடவேண்டும்.

கூடவே மண் கணக்கையும் சொல்லிவிடுங்கள். 1000 சதுர அடி வீட்டை ஒன்றரை அடி உயர்த்தினால் உள்ளே நிரப்ப 1500 கன அடி, அதாவது 15 யூனிட். சுவர் கனத்தைக் கழித்தால் குறையும், இடித்துக் கெட்டிப்படுத்தினால் லோடு கூடும். "திரையில் ஒரு என்டர்தானே" என்று நினைக்கும் வீட்டுக்காரருக்கு இந்த எண் ஒன்றே போதும்.

இசட் பூஜ்யத்தை எங்கே வைப்பது?

இதைக் கேட்காமலேயே வேலை ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம். கொத்தனார் கையில் பிளானைக் கொடுத்தால் அவர் முதலில் கேட்பது இதைத்தான்: "தம்பி, மூணு அடின்னு போட்டிருக்கியே, எங்கேருந்து மூணு அடி? ரோட்டுலேருந்தா, மண்ணுலேருந்தா?" அவர் டியூப் லெவலில் தண்ணீர் பிடித்து, ஒரு நிலையான இடத்தில் கோடு போட்டு, அதிலிருந்துதான் எல்லாவற்றையும் எடுப்பார். மாடலிலும் அதே கோடு பூஜ்யமாக இருந்தால் இரண்டு பேருக்கும் சண்டை வராது.

மனையின் மண்ணைப் பூஜ்யமாக வைக்காதீர்கள். அது ஒரு மூலையில் உயர்ந்தும் ஒரு மூலையில் தாழ்ந்தும் இருக்கும், ஒரு மழைக்கு மாறும். தெருவின் நடுக்கோடு பரவாயில்லை, ஆனால் அதுவும் ஏறும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போடவேண்டும் என்று அரசு 2021-ல் சொல்லியும், மேலேயே போட்டு வீடுகளைப் பள்ளமாக்கிய தெருக்கள் நம் பக்கம் நிறைய. எதிர்வீட்டின் பழைய படிக்கல், பாலத்தின் கைப்பிடி அடி, மின்கம்பத்தில் அடித்த பெயின்ட் கோடு என்று அசையாத ஒன்றைக் குறித்து, அதன் போட்டோவோடு டிராயிங்கின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். வெள்ளக் கறை இன்னும் சுவரில் நிற்கிற தெரு என்றால் அந்தக் கறையின் உயரத்தையும் ஒரு மெல்லிய தளமாக மாடலில் வையுங்கள். எத்தனை அடி ஏற்றவேண்டும் என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்களே, அதுபோன்ற உண்மையான மட்டத்தில் மாடலை வைக்கத் தேவையில்லை. சர்வே வேலைக்கு அது சரி. வீட்டு மாடலுக்கு சின்ன எண்களே வசதி.

ரூஃபை மட்டும் ஏற்றினேன், சுவரும் சேர்ந்து நீண்டுவிட்டது. ஏன்?

ஸ்கெட்ச்அப்பில் குரூப் செய்யாத முகங்களும் கோடுகளும் தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றைத் தூக்கினால் மற்றது இழுபடும். ரூஃபைத் தனி குரூப்பாகவோ காம்பொனென்டாகவோ செய்துவிட்டால் ஒட்டாது. சுவர் உயரத்தைக் கூட்டத்தான் நினைத்தீர்கள் என்றால், இந்த ஒட்டுகிற குணமே உங்கள் வேலையைச் செய்து கொடுத்துவிட்டது.

ஒரு தளத்தை வரைந்துவிட்டேன். அதையே மேலே மூன்று முறை அடுக்க?

ஸ்கெட்ச்அப்பில் மூவ் டூலோடு கன்ட்ரோல் கீயை ஒருமுறை தட்டினால் காப்பி ஆகும். மேல் அம்புக்குறி, 10' என்டர். உடனே 3x என்று தட்டி என்டர். பத்தடிக்கு ஒன்றாக மூன்று தளம். தளத்தைக் காம்பொனென்டாக்கிவிட்டு அடுக்கினால், பிறகு ஒரு தளத்தில் ஜன்னலை மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும். ஆட்டோகேடில் ரெக்டாங்குலர் அரேயில் லெவல் என்று ஒரு அளவு உண்டு. வரிசை, பத்தி இரண்டையும் ஒன்று என்று வைத்து, லெவலின் எண்ணிக்கையை நான்கு என்றும் இடைவெளியை 10' என்றும் கொடுங்கள். அங்கே எண்ணிக்கையில் முதல் தளமும் சேரும், ஸ்கெட்ச்அப்பில் சேராது.

பத்தடி என்பது எதிலிருந்து எதற்கு என்று கவனியுங்கள். தரைக்கும் தரைக்கும் பத்தடி என்றால், 5 அங்குல ஸ்லாப் போக அறைக்குள் கிடைப்பது 9 அடி 7 அங்குலம். டைல்ஸ் போட்டால் இன்னும் குறையும்.

கோபுரத்தை மாடல் செய்யும் பிள்ளைகள் இதே வழியில் நிலைகளை அடுக்கப் பார்க்கிறார்கள். கோபுர நிலைகள் மேலே போகப்போக அகலமும் உயரமும் குறையும், சம இடைவெளி அங்கே செல்லாது. ஒவ்வொரு நிலையையும் சிறிதாக்கிவிட்டு, அதன் அடியின் நடுப்புள்ளியைப் பிடித்து, கீழ்நிலையின் தலை நடுப்புள்ளியில் வையுங்கள். எண்ணே வேண்டாம்.

பொருள் தரையில் உட்கார்ந்திருக்கிறதா, மிதக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்கெட்ச்அப்பில் நிழலை ஆன் செய்யுங்கள். கட்டில் காலுக்கும் அதன் நிழலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் மிதக்கிறது. பிறகு பேரலல் புரொஜெக்‌ஷனில் ஃப்ரன்ட் வியூ பாருங்கள், பெர்ஸ்பெக்டிவ் ஏமாற்றும். ஆட்டோகேடில் ஐடி கமாண்ட் கொடுத்து மூலையைக் கிளிக் செய்தால் எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் சொல்லிவிடும்.

பிளெண்டரில்?

ஜி, பிறகு இசட், பிறகு எண், என்டர். இசட்டை இரண்டுமுறை தட்டினால் பொருளின் சொந்த ஆக்சிஸில் நகரும். ஷிஃப்ட்டோடு இசட் தட்டினால் நேர்மாறு, உயரம் மாறாமல் தரையோடு மட்டும் போகும். எண் மீட்டர் கணக்கு, அடியில் நினைத்துக்கொண்டு 3 என்று தட்டினால் பத்தடி ஏறும். இசட் பூஜ்யம் என்று கொடுத்தும் பொருள் பாதி மண்ணுக்குள் இருந்தால் அதன் ஆரிஜின், அதாவது அளவெடுக்கும் புள்ளி, நடுவயிற்றில் இருக்கிறது என்று அர்த்தம். ஆரிஜினை அடிக்குக் கொண்டுவாருங்கள்.

ரெவிட்டில் மூவ் கொடுத்தாலும் ஏறமாட்டேன் என்கிறது.

பிளான் வியூவில் மூவ் அந்தத் தளத்துக்குள் மட்டும்தான் நகர்த்தும். எலிவேஷனுக்கோ செக்‌ஷனுக்கோ போய் நகர்த்துங்கள். அதைவிட, பிராப்பர்டீஸில் லெவலிலிருந்து எவ்வளவு உயரம் என்ற எண்ணை மாற்றுவது ரெவிட்டின் சொந்த வழி. சுவருக்கு பேஸ் ஆஃப்செட், ஜன்னலுக்கு சில் ஹைட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும். முழு வீட்டையும் ஏற்ற, எலிவேஷனில் தரைத்தள லெவலையும் அதற்கு மேலுள்ள லெவல்களையும் சேர்த்துப் பிடித்து ஏற்றுங்கள், அவற்றில் கட்டிய சுவரும் ஸ்லாப்பும் கூடவே வரும். தரைத்தள லெவலை மட்டும் ஏற்றினால் கீழ்த்தளத்தின் உயரம் குறைந்துவிடும்.

மெக்கானிக்கல் படிக்கிறேன். சாலிட்வொர்க்ஸில் செய்த காற்றாலை மாடல் வேறு சாஃப்ட்வேரில் குப்புறப் படுத்துக்கிடக்கிறது.

பணகுடி, ராதாபுரம் பக்கம் நிற்பதைப் பார்த்துத்தானே செய்திருப்பீர்கள்! சாலிட்வொர்க்ஸில் உயரம் ஒய். ஆட்டோகேட், பிளெண்டர், ஸ்கெட்ச்அப்பில் இசட். மாயாவும் யூனிட்டியும் ஒய் கட்சி. ஏற்றுமதி அல்லது இறக்குமதிப் பெட்டியில் மேல்திசை எது என்று கேட்டால் அங்கேயே மாற்றுங்கள். கேட்காவிட்டால் எக்ஸ் ஆக்சிஸில் 90 பாகை திருப்புங்கள்.

அசெம்ப்ளியில் உயரத்தை மூவ் கொண்டு சரிசெய்யவேண்டாம். டவரின் தலையும் அதன்மேல் உட்காரும் நாசெல் கூண்டின் அடியும் சேரும் இடத்தில் இரண்டையும் பிணைக்கும் மேட் போடுங்கள், இடைவெளி வேண்டுமென்றால் டிஸ்டன்ஸ் மேட். கையால் நகர்த்திய பாகம் அடுத்த இழுப்பில் மறுபடி நகரும். முதலில் கொண்டுவந்த பாகம் அசையவே மாட்டேன் என்றால், அது ஃபிக்ஸ் ஆகியிருக்கும், ஃப்ளோட் ஆக்குங்கள்.

சர்வேயர் கொடுத்த டிராயிங்கில் கோடுகள் சேரவே மாட்டேன் என்கின்றன.

டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியில் எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு இசட் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தொட்டுக்கொண்டிருக்கிற இரண்டு கோடுகள் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே. அதனால் மூலை சேர்க்கும் ஃபில்லட்டும் உள்ளே நிரப்பும் ஹாட்ச்சும் மறுக்கும். முதலில் ஒரு காப்பி எடுத்துப் பத்திரமாக வையுங்கள், அந்த இசட் எண்கள் மனையின் உண்மையான மேடு பள்ளம், திரும்பக் கிடைக்காது. காப்பியில் ஃப்ளாட்டன் கொடுத்துப் பூஜ்யத்துக்கு இறக்கி பிளான் வேலையைப் பாருங்கள். இனி வரைவதில் இந்தத் தொல்லை வராமலிருக்க ஓஸ்நாப்இசட் வேரியபிளை 1 ஆக்கினால், எந்த உயரத்துப் புள்ளியில் ஸ்நாப் ஆனாலும் கோடு உங்கள் தளத்திலேயே நிற்கும்.

ஓட்டுச் சாய்ப்பின்மேல் சோலார் பேனலை வைத்து ஏற்றினால் கோணலாக ஏறுகிறது.

சாய்ந்த குரூப்புக்குள் நுழைந்து ஏற்றியிருப்பீர்கள். குரூப்புக்குள் போனால் ஆக்சிஸ் அந்த குரூப்பினுடையது, நீலம் ஓட்டுக்குச் செங்குத்தாக நிற்கும். வெளியே வந்து ஏற்றினால் வானத்தைப் பார்த்து ஏறும். ஸ்டாண்டின் கால் நேர்க்குத்தாக நிற்கவேண்டும் என்றால் வெளியே, பேனலுக்கும் ஓட்டுக்கும் இடையே காற்றோட்ட இடைவெளி வேண்டும் என்றால் உள்ளே.

பட்டாசல் (ஹால்) தரையில் டைல்ஸ் படம் போட்டால் மினுக்மினுக்கென்று ஆடுகிறது.

ஸ்லாப்பின் முகமும் டைல்ஸின் முகமும் ஒரே இசட்டில் இருக்கின்றன, எது முன்னால் என்று கணினிக்குத் தெரியவில்லை. படம் மட்டும் எடுப்பதானால் டைல்ஸை 1 மில்லிமீட்டர் ஏற்றினால் நின்றுவிடும். செக்‌ஷனும் போடப்போகிறீர்கள் என்றால் உண்மையான கனத்தைக் கொடுங்கள், கலவையும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு அங்குலம்வரை வரும். அப்படி ஏற்றும்போது கதவின் அடியையும் பாருங்கள், அது பழைய தரையிலேயே நின்றுகொண்டிருக்கும்.